மஸ்கட்டிலிருந்து வந்த வத்சலா

கொரட்டூர் ஏரிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் இருந்த மேகலா அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த கருணாகரனுக்கு, இல்லாத மனைவி ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பெரிய பெட்டிகளோடும் ஒரு அட்டைப்பெட்டி பேரீச்சம்பழத்தோடும், ஆட்டோவில் வந்து இறங்கினாள். அந்த நேரத்தில் கருணாகரன் தண்ணீர் ஃபில்டரைக் கழற்றிச் சமையலறை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எதில் மாட்டும் என்று தெரியாமல் அதை வசை பாடிக்கொண்டிருந்தான். கீழே இருந்து சங்கச் செயலாளர் தணிகாசலத்தின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

"தம்பி! வீட்டம்மா வந்துட்டாங்க! இன்னும் இன்னா பண்றீங்க உள்ள?"

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் ஒரு பெட்டியைத் தோளில் வைத்திருந்தார். எதிர் வீட்டு பிரேமாவதி இன்னொரு பெட்டியைப் படிக்குப் படி நிறுத்தி இழுத்து வந்தார். நடுவில், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் "அம்மா" என்று சொல்லிக்கொண்டு, கண்ணாடி போட்ட, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புள்ள ஒருத்தி ஏறி வந்தாள். அவளை யாரும் யாரென்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கண்ணாடி போட்டிருப்பாள், சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும், முட்டி வலிக்காரி என்று கருணாகரனே இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருந்தானே, ஆட்டோவை விட்டு இறங்கியபோதே கேட்டில் நின்றவர்கள் "வத்சலாதானே?" என்று பேரைச் சொல்லி அழைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தது கருணாகரனோடு அந்த வீட்டில் இருந்த பெனடிக்ட். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள், குழி விழுந்தது.

"உங்களை மட்டும் எனக்குத் தெரியலைங்க. இவர் உங்களைப் பத்தி ஃப்ரெண்டுங்கறதுக்கு மேல யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இவர் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

பெனடிக்ட் அவள் கையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, வழியை விட்டு நகர்ந்து நின்றான்.

அவள் உண்டான கதை இப்படி. கருணாகரனும் பெனடிக்டும் சேர்ந்து வாழ முடிவு செய்து வீடு தேடிய காலத்தில், சென்னையில் அவர்கள் ஏறாத படி இல்லை. "பேச்சிலருக்குக் கிடையாது" என்றார்கள் அயனாவரத்தில். "ரெண்டு ஆம்பளைங்களா, வீடு வீடா இருக்காது" என்றார்கள் பெரம்பூரில். வில்லிவாக்கத்தில் ஒருவர் கதவைத் திறக்காமலே சன்னல் வழியாகக் கையை ஆட்டினார். வெயிலும் பசியும் சேர்ந்து மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் மேகலா அடுக்ககத்தின் வீட்டுக்காரர் "பேமிலியா?" என்று கேட்டபோது, கருணாகரன் களைத்துப்போய் "பேமிலிதான் சார், வைஃப் மஸ்கட்ல இருக்காங்க, நர்சு" என்றான். "பேரு?" என்றார் அவர். நாலாம் வகுப்பில் அவனை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்த டீச்சரின் பேர்தான் வாயில் வந்தது. பெனடிக்ட் யார் என்று கேட்டதற்கு, நண்பன், வேறு இடம் கிடைக்கிறவரை இங்கே இருப்பான் என்றான். அந்த வேறு இடம் அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

ஒரு பொய்தானே, வீடு கிடைத்ததோடு முடிந்துவிடும் என்று நினைத்தான். ஆனால் அடுக்ககத்தில் ஒரு மனைவிக்கு வேலை ரொம்ப ஜாஸ்தி. கொலுவுக்குக் கூப்பிட்டார்கள், அவளுக்கு டியூட்டி இருந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், அவளுக்கு சைனஸ் வந்தது. ஒரு தடவைகூட வரவில்லையே என்று பிரேமாவதி வருத்தப்பட்டார், அவளுக்கு முட்டியே தேய்ந்து போயிற்று. நர்சு என்று சொன்னதை மறந்து தணிகாசலத்திடம் அக்கவுண்டண்ட் என்றான். ஒருவரிடம் சுத்த சைவம், இன்னொருவரிடம் வஞ்சிரம் என்றால் உயிர். கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அஞ்சலை, "இன்னா சார், பொம்பள துணியே வர்றதில்ல" என்று ஒருநாள் கேட்டுவிட, அன்று சாயங்காலமே தி.நகர் போய் இரண்டு காட்டன் புடவை வாங்கி வந்து, யாருமே கட்டாத அந்தப் புடவைகளை மாற்றி மாற்றி இஸ்திரிக்குப் போட்டான். முதல் தடவை பெனடிக்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அடுத்த வருஷம் புன்னகை செய்தான். அதற்கடுத்த வருஷம் புடவையை மடிக்கும்போது அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது அந்த மனைவி சோபாவில் உட்கார்ந்து, காலை முக்காலியில் நீட்டி, மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னாள்.

"என்னங்க இது பேரு, வத்சலா! என் வயசுல யாருக்காவது இந்தப் பேர் இருக்கா? காலைல நர்சு, மத்தியானத்துக்கு மேல அக்கவுண்டண்ட், ரெண்டு டியூட்டி பார்த்திருக்கேன் நான் அங்க. மீனைப் பார்த்தா எச்சி ஊறுது, வாயில வெச்சா குமட்டுது. ஒரு பொய்யச் சொன்னா ஒழுங்கா ஒண்ணா சொல்ல மாட்டீங்களா?"

"நீ யாரும்மா? நிஜமா யாரு?" என்றான் கருணாகரன்.

"நீங்கதான் சொல்லணும்."

"எப்ப திரும்பிப் போற?"

"டிக்கெட்டைப் பத்தி நீங்க எதுவும் சொல்லலையே. 'வந்துருவா, வந்துருவா, இந்த வருஷம் வந்துருவா'ன்னு ஊர் பூரா சொன்னீங்க. வந்துட்டேன்."

ஒப்புக்காக ஒரு கட்டில் போட்டு, அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்த இரண்டாவது அறை அவளுக்குப் போயிற்று. துணியெல்லாம் ஹாலுக்கு வந்தது. கருணாகரன் அன்று முழுக்க ஃபில்டரை மாட்டவே இல்லை.

மேகலா அடுக்ககம் அவளை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது ஒரு பெரிய குடும்பத்தில் சோற்றுப் பானைக்கு இன்னும் ஒரு பிடி அரிசி போடுகிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை வீடு வீடாகப் பேரீச்சம்பழம் போயிற்று, வீடு வீடாகப் பாத்திரத்தில் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை நர்சம்மாவிடம் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார்கள், அவள் பார்த்தாள், சரியாகவே பார்த்தாள். புதன்கிழமை அக்கவுண்டண்ட் மேடத்திடம் வருமான வரிக்கு வந்தார்கள், அதையும் போட்டுக் கொடுத்தாள். மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்டார்கள், "இங்கதாங்க ஜாஸ்தி" என்றாள், எல்லோருக்கும் ஒரே பெருமை. பால்காரர் முதல் கேபிள்காரர் வரை யாரிடம் கருணாகரன் எது சொன்னாலும் "மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க சார்" என்றார்கள். அவன் கட்டி வைத்த பொய் அவனுக்கே மேலதிகாரியாகிவிட்டது. பல்லைக் கடித்துக் கடித்து அவனுக்குத் தாடை வலித்தது.

அந்த வாரமே தணிகாசலம் அவனை வண்டி நிறுத்துமிடத்தில் ஓரங்கட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. இவ்ளோ நாளு பரவால்ல. இப்போ வீட்டம்மா வந்துட்டாங்க. இனிமேயும் ஃப்ரெண்டு கூடவே இருந்தாருன்னா நல்லாவா இருக்கும்? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. டாக்டர் தம்பிக்கு நானே வேணா ஒரு ரூம் பாக்குறேன்."

பெனடிக்ட் பிசியோதெரபிஸ்ட், அந்தக் கட்டடத்தில் அவன் கை படாத இடுப்போ கழுத்தோ கிடையாது, தணிகாசலத்தின் தோள்பட்டை உட்பட. அதனால்தான் டாக்டர் தம்பி. இல்லாத ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற, இருக்கிற ஒருவனை வெளியே போகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் கருணாகரனால் கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் அன்பாகத்தான் சொல்கிறார். கடைசியில் "சரி சார், பாக்கலாம்" என்றான். மேலே வந்தால், வத்சலாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பெனடிக்ட் அவள் முட்டியை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கருணாகரன் அவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். "அவ பொய்யி, பென்னி. அவளுக்கு முட்டியே கிடையாது."

"வீங்கியிருக்கு கருணா. தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். ஒன் பொய்யில எது வீங்கும் எது வீங்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நீ வேற ஏன்டா!"

"நான் பாடி ஏரியால ஒரு ரூம் பாத்துருக்கேன்."

கருணாகரன் அடுப்பை அணைத்தான். "எதுக்கு?"

"தணிகாசலம் சார் என்கிட்டயுந்தான் சொன்னாரு. நாலு பேரு பேசுவாவளாம்." பெனடிக்டுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, பேச்சில் தூத்துக்குடி மட்டும் ஏறும். "இத்தன வருசமா ஒருத்தரும் என்னையப் பத்திப் பேசலல்லா. அது ஒனக்கு நல்லாத்தான இருந்துச்சு? இங்க இருக்க அம்புட்டுப் பேருக்கும் அவளுக்கு எந்தப் பக்கம் கன்னத்துல குழி விழும்னு தெரியும். என்னையப் பத்தி என்ன தெரியும் அவங்களுக்கு? கை நல்லாருக்கும்னு தெரியும்."

மறுநாள் சாயங்காலம் கருணாகரன் மொட்டை மாடிக்குப் போனான். வத்சலா அங்கே காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இதை முடித்துவிட வேண்டும், போ என்று சொல்லிவிட வேண்டும், கெஞ்சியாவது சொல்லிவிட வேண்டும் என்று படியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போயிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்த ஆவணி மாசம் எனக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஆவணியில் பெனடிக்ட் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கருணாகரன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தான். நண்பனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டதற்கு, "அவங்க வீட்ல ஆளில்லையா, நீங்கதான் போகணுமா?" என்றார் மேனேஜர். வீட்டு ஆளே நான்தான் என்று சொல்ல வாய் வராமல், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, போனில் ஒரே மூச்சில் சொன்னான்: "வைஃப் ஊர்ல இருந்து வந்திருக்காங்க சார், மூணு மாசம் சார், கலைஞ்சிடுச்சு." மேனேஜரின் குரல் அப்படியே இளகிப் போயிற்று. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கூடைப் பழம்கூட அனுப்பினார். கருணாகரன் அந்த ஆரஞ்சைத்தான் பெனடிக்டுக்கு உரித்து ஊட்டினான்.

"நீங்க அங்க அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க," என்றாள் வத்சலா. "என் பக்கத்துல யாருமே இல்ல. அதுக்கப்புறம் அதைப் பத்தி நீங்க யார்கிட்டயும் பேசவும் இல்லையா, எனக்கு அழறதுக்குக்கூட ஒரு வார்த்தை கிடைக்கல. வயித்துல கையை வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கொடியில் மிச்சமிருந்த துண்டு படபடத்தது.

"எங்கண்ணன் எனக்குப் பொண்ணு பார்த்தான்," என்றான் கருணாகரன். "நிச்சயம் வரைக்கும் போயிடுச்சு. ஒரு பொண்ணைக் கட்டி, காலம் பூரா அவளை ஏமாத்தி, அவ வாழ்க்கையையும் கெடுக்கக் கூடாதுன்னுதான் ஊரை விட்டே ஓடி வந்தேன். நிஜமான ஒருத்தியை நாசம் பண்ணாம இருக்கத்தான் உன்னைச் சொன்னேன்."

"அது நல்ல காரியந்தான். நான் இல்லைன்னு சொல்லல." அவள் துண்டை எடுத்து மடித்தாள். "ஆனா நானும் ஒருத்தியாத்தானே வந்திருக்கேன்."

போ என்று சொல்ல வந்தவன், துணிமூட்டையைத் தான் வாங்கிக்கொண்டு, அவள் முட்டிக்கு ஏற்ற வேகத்தில், ஒவ்வொரு படியாக அவளோடு இறங்கி வந்தான்.

அதற்கடுத்த ஞாயிறு பிரேமாவதியின் மகள் மோனிஷாவுக்கு வளைகாப்பு. வண்டிகளையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, கீழே பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கட்டடமே பட்டுப்புடவையில் இறங்கியிருந்தது. பெனடிக்ட் சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தான். பாடிக்குப் போக அவன் பை மேலே தயாராக இருந்தது. கருணாகரன் புளியோதரை வாளியைத் தூக்கிக்கொண்டு, யாரிடம் என்ன கேட்டாலும் சீறி விழுகிற மனநிலையில் இருந்தான். வத்சலா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், பச்சை வளையலை எடுத்து மோனிஷாவின் கையைப் பிடித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, திருத்தணியிலிருந்து வந்த பிரேமாவதியின் நாத்தனார் கேட்டார்: "உனக்கு எத்தனை பசங்கம்மா?"

"ஒண்ணு வயித்துல இருந்துச்சு. தங்கல," என்றாள் வத்சலா.

நாத்தனார் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. அவள் விரலிலிருந்து வளையலை மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, "அப்போ நீ வேணாம்மா, அந்தப் பக்கம் உட்காரு" என்றார். வத்சலா விரித்த விரல்களோடு அப்படியே நின்றாள். எங்கே உட்கார்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

புளியோதரை வாளியைக் கருணாகரன் கீழே வைத்த சத்தத்தில் பந்தலே திரும்பியது.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க! எதுவும் கலையல! லீவு வேணும்னு நான் சொன்ன பொய் அது, அவங்களே நான் சொன்ன பொய்தான், அவங்க என் பொண்டாட்டி இல்ல, எனக்குப் பொண்டாட்டியே கிடையாது, வீடு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, ஊர்ல ஒருத்தனும் குடுக்க மாட்டேன்னுட்டான், அதனால சொன்னேன், சொன்னதுக்கு நீங்க விட்டீங்களா, அவ எப்ப வருவா, ஏன் வரல, என்ன சமைப்பா, ஏன் புடவை இல்ல, கேட்டுக் கேட்டுக் கேட்டு அவளைக் கொண்டாந்து இறக்கியே விட்டீங்க! அந்த ஆவணில ஆஸ்பத்திரியில கிடந்தது பெனடிக்ட். அவன்தான் என் வீடு. அவன்தான் எனக்கு எல்லாம். இப்போ அவனை ரூம் பார்த்துப் போகச் சொல்றீங்க, நான் யார்கிட்டதாங்க போய் முட்டிக்கறது?"

பந்தலில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். பிரேமாவதி இரண்டு கையிலும் சந்தனத்தோடு எழுந்து நின்றார்.

"தெரியும் தம்பி. அதுக்கு இப்போ என்ன, வளையல் அடுக்கற நேரத்துல?"

"எது தெரியும்?"

"நீங்களும் டாக்டர் தம்பியும்தான். உங்க பெட்ரூமுக்கும் எங்க பெட்ரூமுக்கும் நடுவுல ஒத்தைச் செவுரு. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதன்னு அவரு தினம் உங்களைக் கத்துறாரே, ரூம்மேட்டை எவனாவது அப்படிக் கத்துவானா? வீட்டுக்காரங்களைத்தான் அப்படிக் கத்த முடியும்."

"அப்புறம் எதுக்குங்க வாராவாரம் வத்சலா எப்ப வருவா, எப்ப வருவான்னு என் உயிரை எடுத்தீங்க?"

"கேக்கலன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேட்டேன்!" பிரேமாவதிக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்லாம இருக்கும்போது நான் எப்படித் தெரியும்னு சொல்றது? எனக்கு மட்டும் ஆசையா, தினமும் ஒரு முட்டிவலியை விசாரிக்க?"

கேட்டில் இருந்து அஞ்சலை சொன்னாள், "அந்தப் பொடவைல ஒருநாளும் வேர்வ வாசனையே வந்ததில்ல சார். நானும் இஸ்திரி போட்டுக் குடுத்துக்கினேதான் இருந்தேன்." உடனே யாருக்கு முதலில் தெரியும் என்று பந்தலுக்குள் ஒரு சண்டை ஆரம்பித்தது. இரண்டாவது மாடிக்காரர் தனக்குத்தான் முதலில் என்றார். அவர் மனைவி, "நான் சொல்லித்தான் உங்களுக்கே தெரியும்" என்றாள். எல்லோரும் அப்படி இல்லை. முதல் மாடியில் ஒரு குடும்பம் பாதி இலையில் எழுந்தது; அந்த அம்மாள் தன் மகளின் கண்ணை மூடாத குறையாக இழுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு அவர்கள் படியில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

தணிகாசலம் இலைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா?" என்றார். அவர் இலையை மடித்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், படியேறிப் போய்விட்டார்.

பிரேமாவதி நாத்தனாரின் கையிலிருந்து பச்சை வளையலை வாங்கி வத்சலாவிடம் கொடுத்தார். "போடும்மா. நாழியாவுது." வத்சலா மோனிஷாவின் கையில் அதை ஏற்றினாள். கண்ணாடிக்குள் அவளுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

பெனடிக்ட் தண்ணீர் பாட்டில்களை விட்டுவிட்டு வந்து வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தான். "ஊரு கூடி இருக்க எடத்துல என் பேரச் சொல்லிட்டியே," என்றான் மெதுவாக.

"கோவத்துல சொல்லிட்டேன்."

"பரவால்ல. கோவத்துலயாவது வந்துச்சே."

உண்மை சொல்லியாகிவிட்டது, இனி அவள் காற்றோடு போய்விடுவாள் என்று கட்டடமே காத்திருந்தது. அன்று சாயங்காலம் சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அவள் போகவில்லை. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொன்னது நீ," என்றாள் கருணாகரனிடம். நீங்க என்பது அன்றோடு போயிற்று. "நான் ஏன் போகணும்?"

தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். பாடி பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாள், பெனடிக்ட் பார்த்து வைத்த அந்த அறைக்குத் தானே போகப் பார்த்தாள். பிரேமாவதி விடவில்லை, படி ஏறத் தேவையில்லாத தரைத்தள வீடு ஒன்று காலியானதும் அங்கே அவளைக் குடிவைத்தார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடா என்று அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள், அதற்கும் கத்தினார்கள், கத்திவிட்டுக் கொடுத்தார்கள். வத்சலா ஒருநாள் வஞ்சிரம் வாங்கி வந்து, பொரித்து, முழுத் துண்டையும் குமட்டாமல் சாப்பிட்டாள். அதை மூன்றாவது மாடி வரை ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். கருணாகரனுக்கும் பெனடிக்டுக்கும் வீடு கொடுத்தவரோ விஷயம் கேள்விப்பட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நிம்மதி வந்துவிட்டது என்று கருணாகரன் நினைத்திருந்தால், அது அவனுடைய தப்பு. முன்னே ஒருத்தியைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது இரண்டு பேரைப் பற்றியும் கேட்டார்கள். டாக்டர் தம்பி மழையில் நனைந்து வந்தாரே, ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வரக் கூடாதா என்று பால் வாங்கும்போது ஒருவர். நேற்று சத்தமாக இருந்ததே, யார் மேல் தப்பு என்று குப்பை போடும்போது ஒருவர். ஈரத் துண்டு விஷயத்தில் கட்டடம் முழுக்க பெனடிக்ட் பக்கம். தாம்பூலம் கொடுக்கும்போது இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்தார்கள், யாருக்குக் குங்குமம் என்று குழம்பினார்கள், குழப்பத்தில் இரண்டு பேர் நெற்றியிலும் பூசி விட்டார்கள். பெனடிக்ட் அந்தக் குங்குமத்தோடே சர்ச்சில் ஞாயிறு பூசைக்கும் போய் வந்தான். தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கருணாகரனுக்கு இல்லை.

தணிகாசலம் மட்டும் பேசவில்லை. தண்ணீர் வராவிட்டாலும் மோட்டார் கெட்டாலும் பலகையில் எழுதிப் போட்டாரே தவிர, கருணாகரனைக் கண்டால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். தோள்பட்டை வலிக்கு பெனடிக்டிடமும் வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. இன்றைக்கு யார், துண்டா, சண்டையா, குங்குமமா என்று முனகிக்கொண்டே கருணாகரன் கதவைத் திறந்தான். தணிகாசலம் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னதும் வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பெனடிக்ட் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க வத்சலா," என்றார். "கெளம்பி வர்றதுக்கு முன்னாடி எதுனா தெரிஞ்சுதா? இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு?"

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"பூனாவுல என் பையன் இருக்கான். தெரியுமில்ல? அங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கினேன்னு சொன்னான். மருமவள இதுவரைக்கும் நாங்க பாத்ததில்ல. ஒரு தடவ லீவு இல்லன்னான். ஒரு தடவ தலைசுத்தல். போட்டோ கேட்டா, அதுக்கு போட்டோ புடிக்காதாம்பா. எங்க வீட்ல தீபாவளிக்கு தீபாவளி அதுக்குப் பொடவை எடுத்து அனுப்புது." அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அன்னிக்குப் பந்தல்ல நீங்க கத்துனப்போ எனக்குச் சோறு எறங்கல தம்பி. அந்தப் பொண்ணும் ஒருநாளு வந்து எறங்கிடுமா? எறங்கிட்டா நான் இன்னா பண்றது?"

கருணாகரனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். தன் வீட்டையே இன்னும் ஒழுங்கு பண்ண முடியவில்லை, இதில் பூனா வேறா. பிறகு அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். அதை வாங்கிக் கீழே வைத்தான்.

"இப்பவே போன் போடுங்க சார். மருமவளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதீங்க. லீவு, உடம்பு, எதுவும் வேணாம்."

"வேற இன்னா கேக்குறது?"

கருணாகரன் சொல்லிக் கொடுத்தான். தணிகாசலம் உதட்டை அசைத்து அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெனடிக்ட் போனை வாங்கி அழைத்து, ஒலியைக் கூட்டி, அவர் முழங்காலின் மேல் வைத்தான். மணி அடித்தது. மகன் எடுத்தான்.

"சொல்லுங்கப்பா. அவ இன்னும் ஆபீஸ்ல இருந்து வரலப்பா, அதான் பேச முடி…"

"இருப்பா, அதுக்கு இல்ல." தணிகாசலம் போன் பக்கம் குனிந்தார். "உன்கூட இருக்கறவரு… சாப்பிட்டாரா?"

அந்தப் பக்கம் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. மூச்சு மட்டும் கேட்டது, அது வைத்துவிட்டுப் போகிற மூச்சா, அழப்போகிற மூச்சா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"அப்பா…?"

"சாப்பிட்டாராப்பா?"

"இல்லப்பா," என்றான் மகன், ரொம்ப மெதுவாக. "இப்பத்தான் தட்டு எடுத்து வெச்சிக்கிட்டு இருக்காரு."